நாலாம் பிரிவும் தொரிசாக்கிக் கழகமும்

2005ஆம் ஆண்டு ஏப்ரலில், சங்குமுனை அந்தோனியார் விளையாட்டுக் கழகத்தின் ஒஸ்லோ கிளையில் கால்பந்து ஆடக்கூடியவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்கு முழங்கால் சரியில்லை. ஜூனில் நடக்கும் தமிழ்க் கழகங்களின் கோடைக் கிண்ணத்துக்குப் பதினொரு பேருடைய பெயரைக் கொடுக்க வேண்டும். முந்தின வருடமும் ஆள் போதாமல் விலகியிருந்தார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் விலகினால் பட்டியலிலிருந்து கழகத்தின் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் நிற்குமா போகுமா என்பதுதான் அந்த வசந்தம் முழுக்க சூசைரட்ணத்தின் கவலை. கழகத்தின் செயலாளர் அவர்தான், பயிற்சியாளர் அவர்தான், ஆட்டம் முடிந்தபின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுகிறவரும் அவர்தான்.

நான் அவர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வெஸ்ட்லியில், மெட்ரோ பாதை முடிகிற இடத்தில், ஒன்பதாவது மாடி. பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன் நான். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதை வந்த இரண்டாம் நாளே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். சூசைரட்ணம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி றோஸ் மட்டும், "நல்லது தம்பி. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கவும் படிப்பிச்சவையோ?" என்று கேட்டார்.

சூசைரட்ணத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நடந்தால் இடது தோள் கொஞ்சம் முன்னால் போகும். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஒரு பெரிய சலவைச்சாலையில் வேலை. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி மூன்றரைக்கு வீடு திரும்புவார். செவ்வாயும் வியாழனும் வந்த கையோடு பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, குடியிருப்புக்குக் கீழே இருக்கும் சரளைக்கல் மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே ஏழு பேர் ஓடுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோமாலியப் பையன்கள், பாகிஸ்தானியர், ஊர்க் கழகம் இல்லாத தமிழர்கள். ஆட வரலாமா என்று கேட்பார்கள். அவர் கையை விரிப்பார்.

காரணம், யாப்பு என்று அவர்கள் சொல்லும் கழக விதிகளின் நாலாம் பிரிவு. உறுப்பினரானாலும் ஆட்டக்காரரானாலும், தாயோ தகப்பனோ சங்குமுனையில் பிறந்திருக்க வேண்டும். எல்லா ஊர்க் கழகங்களும் இப்படி ஒன்றை வைத்திருந்தன. இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரனை ஆளுக்கு ஆள் இழுத்துச் சண்டையாகிவிடும். சங்குமுனை யாழ்ப்பாணத்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊர். 1990இல் ராணுவம் அதைத் தன் வலயமாக்கிய பிறகு அங்கே ஒரு குடும்பம்கூட இல்லை. ஆட்கள் வவுனியா, பாரிஸ், டொரொன்டோ, ஒஸ்லோ என்று போய்விட்டார்கள். ஊர் காலியாகி, கழகம் மட்டும் இங்கே உயிரோடு இருந்தது.

சூசைரட்ணத்துக்கு இன்னொரு கழகமும் உண்டு. அது ஜப்பானில் இருந்தது.

ஒஸ்லோவுக்கு வருமுன் அவர் மூன்று வருடம் ஜப்பானில் இருந்திருக்கிறார். 1986இல் சுற்றுலா விசாவில் போய், விசா முடிந்தபின்னும் தங்கி, தொரிசாக்கி என்ற சிறு துறைமுக நகரத்தில் பேரிங் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினார். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்துக் குழு இருந்தது. 1958இல் தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் ஆடத் தொடங்கியது, பிறகு கம்பெனிச் சட்டை போட்டு வட்டார லீக் வரைக்கும் வந்திருந்தது. சூசைரட்ணத்துக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கிய ஹிராய் என்பவர்தான் அதன் கோல்கீப்பர். சங்குமுனையில் நடுப் பின்வரிசையில் நின்று ஆடியவர் சூசைரட்ணம். அவர் ஒருநாள் பந்தை நெஞ்சில் வாங்கி இறக்கியதைப் பார்த்த ஹிராய், கையைப் பிடித்து மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போனார். மேலாளர் பதிவேட்டைத் திறந்து ஒரு கட்டத்தைக் காட்டினார். அதில் பணியாளர் எண் எழுத வேண்டும். தரகர் மூலம் வந்த கூலியாளுக்கு எண் ஏது?

"மூண்டு வருசம் பயிற்சியில எதிர்ப்பக்கம் நிண்டு அடிச்சனான் தம்பி," என்றார் அவர். "ஞாயிறு மட்ச் நாளில கோலுக்குப் பின்னால நிண்டு பந்து பொறுக்கினனான். நாப்பது யப்பான்காரருக்கு முன்னால, விசா இல்லாதவன்! பொலிசுக்கு நான் ஒளிச்சது ஆறு நாளும்தான். ஞாயிறு பயமில்லை."

அவர் 1989இல் நார்வே வந்தபின், ஹிராய் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஓர் அஞ்சலட்டை அனுப்பினார். ஜப்பானியர் எல்லோரும் தெரிந்தவர்களுக்கு அப்படி அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் நலம் விசாரிப்பு மட்டும் இருக்கும். ஹிராயின் அட்டையில் கழகத்தின் அந்த வருட நிலவரமும் இருக்கும், உடைந்த ஆங்கிலத்தில், இரண்டு மூன்று வரி. தொலைபேசிப் புத்தகத்துக்குள் பதினாறு அட்டைகளை வரிசையாக வைத்திருந்தார் சூசைரட்ணம். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவற்றை என் முன்னால் பரப்பி, "உங்களிட்ட கொம்பியூட்டரில தமிழ் அடிக்கலாம்தானே? இதை ஒரு சரித்திரமா எழுதித் தாங்கோ. ஆண்டுக் கூட்டத்தில வாசிக்கவேணும்," என்றார்.

எழுதினேன். 1990: நான்காம் இடம். 1991: ஆறாம் இடம், மழை அதிகம். 1993: கம்பெனிக்கு நட்டம், குழுவைக் கைவிடுகிறது. 1994ஆம் ஆண்டு அட்டையில் மட்டும் எழுத்து பெரிதாக இருந்தது. முடி வெட்டுகிறவர், பள்ளி ஆசிரியர்கள், மீனவர் சங்கம் எல்லோரும் சேர்ந்து கழகத்தை எடுத்துக்கொண்டார்கள். பெயர் இனித் தொரிசாக்கி. எண் கிடையாது. யாரும் வரலாம். 1995: ஓர் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம், கோல்கீப்பர் நான்தான். 1996: புதிய கோல்கீப்பர், நான் இப்போது டிக்கெட் கிழிக்கிறேன். 2000இல் தேசிய லீக்கின் மூன்றாம் படி. 2002இல் மூடும் நிலை. ஊர்ச் சனம் வந்து மைதானத்து இருக்கைகளைப் பழுதுபார்த்து வர்ணம் அடித்துக் காப்பாற்றியது. கடைசி அட்டை, அந்த வருடத்தியது: இரண்டாம் தரத் தொழில்முறை லீக்கில் முதல் வருடம் ஆடினோம். கடைசி இடம். முதல் பதினொரு பேரில் ஊரில் பிறந்தவர்கள் மூன்று பேர். மைதானம் நிரம்பியிருந்தது.

நான்கு பக்கம் வந்தது. அச்சடித்துக் கொடுத்தேன். றோஸ் மாவு பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைக்காமலே திரும்பினார்.

"இஞ்சை பாருங்கோ. அங்கை உங்களை விடேல்லை எண்டு பதினாறு வருசமாச் சொல்லுறியள். இஞ்சை அந்த நாலாம் பிரிவை எழுதினது ஆர்?"

1996இல் ஒஸ்லோக் கிளை தொடங்கியபோது யாப்பை உட்கார்ந்து எழுதியவர் சூசைரட்ணம்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டைகளை மெதுவாக அடுக்கினார். 1994ஆம் ஆண்டு அட்டையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம் ரொம்மனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வந்த உறுப்பினர் இருபத்தொரு பேர். றோஸ் மன்னார்க்காரர் என்பதால் உறுப்பினர் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கும் றோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்திருந்தார். "வாக்குப் போட எனக்கு ஊரில்லை. றோல்ஸ் பொரிக்கிறதுக்கு ஒரு பிரிவும் இல்லை," என்று தட்டை நீட்டிக்கொண்டே போனார். எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று வாக்கு எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

தலைவர் யோசேப்பு, சூசைரட்ணத்தின் அக்காவைக் கட்டியவர். டாக்சி ஓட்டுகிறார். அகலமான மனிதர், அதைவிட அகலமான குரல். சூசைரட்ணம் எழுந்து நாலாம் பிரிவை நீக்க வேண்டும் என்றதுமே அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"சூசை, ஒண்டைச் சொல்லு. அங்கை எங்கட வீடுகளுக்குக் கூரை இல்லை. கோயிலுக்குள்ள ஆமி. ஊரெண்டு மிச்சமா இருக்கிறது இந்தப் பேரும், இதுக்குள்ள இருக்கிற ஆக்களும்தான். அதுக்குள்ளயும் வாறவன் போறவனை விட்டால், நாளைக்கு ஊரெண்டு நாங்கள் எதைக் காட்டுறது?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்கும் வழி தெரியவில்லை.

"அத்தான், ஜூன் பதினொண்டுக்கு ஏழு பேர் போனால் அந்தப் பேரையும் வெட்டுவாங்கள்," என்றார் சூசைரட்ணம். "பிறகு நாலாம் பிரிவைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம்."

பிறகு நான்கு பக்கத்தையும் வாசித்தார். முதல் பக்கத்திலேயே முணுமுணுப்பு வந்துவிட்டது. சந்திரகுமார் என்று ஒருவர், எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை ஓய விடாதவர்.

"சூசையண்ணை, உது உதைபந்தோ கராட்டியோ?"

"பொறு, முடியட்டும்."

"சரி, கடைசியில கப் எடுத்தவையோ, அதையாவது சொல்லுங்கோ."

"இல்லை. கடைசி இடம்."

சிரிப்பு வெடித்தது. "அதுக்கு யப்பான் வரைக்கும் போகவேணுமே? அந்தச் சரித்திரம் எங்களிட்டயே கிடக்கு!" என்றார் சந்திரகுமார். யோசேப்பும் சிரித்தார். சூசைரட்ணம் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"நாலாம் பிரிவை எழுதினது நான். ஆர் மேலயும் பழி போடேல்லை. அங்கை என்னட்ட ஒரு எண் இல்லையெண்டு வெளியில நிண்டனான். இஞ்சை வந்து, அதே மாதிரி ஒரு எண்ணை நானே செய்து வைச்சிருக்கிறன். வேலிக்கு வெளியில நிக்கிறவங்களைப் பாக்க ஏலாமல் கிடக்கு. அவ்வளவுதான்."

வாக்கெடுப்பு நடந்தது. தலைவரை விட்டு இருபது பேர். கைகளை இரண்டு தடவை எண்ணினேன். இருபக்கமும் பத்து. யோசேப்பின் மகன் சிந்துஜன், இருபத்துநாலு வயது, கழகத்தின் இடது பின்வரிசைக்காரன், அப்பாவைப் பார்க்காமலே மாமா பக்கம் கையைத் தூக்கியிருந்தான். சமமாக வந்தால் தலைவர் முடிவு செய்ய வேண்டும் என்பதும் யாப்பில் இருந்தது.

யோசேப்பு நாற்காலியில் சாய்ந்தார்.

"உந்த யப்பான் கழகத்தில, ஊரில பிறந்த மூண்டு பேரைத் தவிர மற்றவை எங்கத்தை ஆக்கள்?"

"ஒருத்தன் பிரேசில். மற்றவை யப்பானில வேற வேற இடம்."

"அவங்கள் வெண்டால் சனம் என்னெண்டு கத்தும்?"

"தொரிசாக்கி எண்டு."

"தோத்தால்?"

"அப்பவும் தொரிசாக்கி எண்டுதான் அத்தான். கத்துறதுக்கு வேற பேர் அவையிட்ட இல்லை."

யோசேப்பு ஒரு றோல்ஸை எடுத்து, கடித்து, முழுதும் தின்று முடித்தார்.

"விடுறன். ஆனால் எழுது. சனிக்கிழமை எங்கட சட்டை போட்டு விளையாடுறவன், ஞாயிற்றுக்கிழமை அந்தோனியார் பெருநாளுக்கும் வரவேணும். கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டிலும் சரி. கதிரை அடுக்கவேணும், சமைச்ச கிடாரம் கழுவவேணும். ஊர் எண்டால் அதுவும்தான்."

"அதை டுக்னாட் எண்டு எழுதுங்கோ," என்றார் சந்திரகுமார். நார்வேக்காரர்கள் குடியிருப்பில் எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் குப்பை அள்ளி, வேலிக்கு வர்ணம் பூசும் நாளுக்கு வைத்திருக்கும் பெயர் அது. "சோமாலியனுக்கும் விளங்கும்."

சூசைரட்ணம் நாலாம் பிரிவின் மேல் கோடு இழுத்தார். புதியதைக் கீழே எழுதினார். எழுத்து அச்சுப்போல் இருந்தது. றோஸிடம், "இனி நீரும் உறுப்பினராகலாம்," என்று யாரோ சொன்னார்கள். "எந்த இடத்தில விளையாட?" என்றார் அவர்.

அடுத்த செவ்வாய் சரளைக்கல் மைதானத்தில் பதினேழு பேர் நின்றார்கள். நானும் போனேன். பட்டம் வாங்கியது காலுக்குத் தெரியவில்லை. இரண்டாம் வாரமே என்னைத் தண்ணீர்ப் போத்தல்களோடு நிறுத்திவிட்டார்கள். சூசைரட்ணத்துக்கு ஒருபோதும் இல்லாத ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஆள் தேர்வு செய்வது. அதுவரை வந்தவன் எல்லாம் அணியில் இருந்தான். இப்போது ஆறு பேரை வெளியே உட்கார வைக்க வேண்டும். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தாளும் பென்சிலுமாக இருந்தார். ஒரு பெயரை எழுதுவார், அழிப்பார், றோஸைப் பார்ப்பார். "என்னைப் பாக்காதேங்கோ. அது உங்கட அக்கான்ர பிள்ளை," என்பார் றோஸ்.

ஜூன் பதினொன்று நல்ல வெயில். அகலமான புல்வெளியில் எட்டு மைதானங்கள் கோடு போட்டுக் கிடந்தன. ஒலிபெருக்கியில் கழகங்களின் பெயர்கள் வந்தன, சங்குமுனையும் வந்தது. இடது பின்வரிசையில் அப்டி என்ற சோமாலியன் நின்றான், ட்வெய்ட்டாவில் மின்சார வேலை பழகுகிறவன். சிந்துஜன் வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

யோசேப்பு டாக்சியை நிறுத்திவிட்டு நேரே கோட்டருகே வந்தார்.

"ஏன்ரா சூசை, என்ர பெடியன் ஏன் வெளியில?"

சூசைரட்ணம் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் ஓடுறான் இல்லை அத்தான்."

"அது எனக்குப் பத்து வருசமாத் தெரியும்."

"எனக்கும் தெரியும். ஏழு பேருக்குள்ள எப்பிடிச் சொல்லுறது?"

யோசேப்பு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சண்டை வரும் என்று நான் போத்தல்களைக் கீழே வைத்தேன். பலகையிலிருந்து சிந்துஜன்தான் பேசினான்.

"அப்பா, இஞ்சாலை வாங்கோ. காலை நீட்டி இருந்து பாக்கிறது இதுதான் முதல் தரம். நல்லாத்தான் இருக்கு."

யோசேப்பு மகனைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். பிறகு பலகையில் போய் உட்கார்ந்தார். பாரம் தாங்காமல் பலகை ஒரு பக்கம் சாய, சிந்துஜன் நகர்ந்து இடம் கொடுத்தான். அப்டி பந்தை வெட்டி எடுத்து முன்னால் உதைத்தான். "உவன் ஆரின்ர பெடியன்?" என்று கேட்டார் யோசேப்பு.

"எங்கட," என்றார் சூசைரட்ணம், திரும்பாமலே.