பதிமூன்று சென்டிமீட்டர் கூடாரம்

மெயிட்லண்ட்காரர் ஒருவரின் கார் கூரையில் பொருத்தியிருந்த கூடாரம், ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியில் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது குடை மாதிரி விரிந்துகொண்டதாம். பின்னால் வந்த லாரியின் முன்கண்ணாடியில் ஒரு தலையணை வந்து அப்பிக்கொண்டதாம். வாலரூ பேக்கரியில் இதைச் சொன்ன பெவ் எதையும் பார்த்தவளில்லை. இறைச்சி அடைத்த பேஸ்டி வாங்க வரிசையில் நின்றிருந்த, டட்லியின் மனைவி நெரிடா கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தலையணை இரண்டாகிவிட்டது.

"கேட்டியா டட்? தட்டையா இருக்கிற கூடாரந்தான் அப்படிப் பறக்குதாம்."

"யாரு சொன்னா?"

"பெவ்வோட தங்கச்சிக்கு முடிவெட்டுறவ."

"அவ பாத்தாளா?"

"அவகிட்ட முடிவெட்ட வந்த ஆளு பாத்தாராம்."

"அப்ப தலையணையே நேர்ல வந்து சாட்சி சொன்னாத்தான் உண்டு," என்றார் டட்லி பென்ஹால். வாய்தான் அப்படிச் சொன்னது. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய், காரின் கூரைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் ஆட்டினார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அதில் முப்பத்தேழு வருஷம் வாலரூ தானியக் களஞ்சியத்தில் போனது. அறுவடைக் காலத்தில் லாரி வந்து மேடைக்கு அருகே நிற்கும். இவர் நீளக் குழாயைக் கோதுமைக்குள் இறக்கி மாதிரி எடுப்பார். ஈரம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு, களைவிதை உண்டா என்று பார்த்துத் தரத்தை எழுதுவார். அவர் எழுதியதுதான் விவசாயியின் ஒரு வருஷ உழைப்புக்கு விலை. "கொஞ்சம் தள்ளிக் குத்துடா, அந்தப் பக்கம் நல்லா இருக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் கெஞ்சியபோதும் குழாய் இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கியது. அவன் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தான். டட்லி அதற்காக ஒன்றும் வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் வேறு. லாரிக்காரர்கள் பெர்த் பற்றிப் பேசினார்கள், எஸ்பரன்ஸ் பற்றிப் பேசினார்கள், பைட் வளைகுடாக் கரையின் பாறைச் சுவருக்குக் கீழே குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டியோடு வந்து படுத்துக் கிடப்பதைப் பேசினார்கள். இவர் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டார். போர்ட் அகஸ்டாவுக்கு மேற்கே அவர் போனதே இல்லை. கோடையில் அறுவடை, குளிர்காலத்தில் பராமரிப்பு, இடையில் பிள்ளைகள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, போக இடமில்லாமல் படகுத்துறைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். அன்று தொடங்கிய நடை நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் நடந்தார். நெரிடா தொலைக்காட்சி பார்க்கும்போது குறுக்கே நடந்தார். "உக்காரு, இல்ல வெளிய போ. ரெண்டுல ஒண்ணு பண்ணு" என்பாள்.

அந்த வருஷம்தான் நெரிடாவுக்குப் படகுத்துறை வளைந்து தெரிந்தது. நேர்க்கோடாகக் கடலுக்குள் போகிற மரத் துறை, நடுவில் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி நெளிந்து நின்றது. தபால் நிலையத்தில் இருபது வருஷம் முகவரி படித்துப் பிரித்த கண். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அடிலெய்டுக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி. ஊசி இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் தராது. எத்தனை நாள் காப்பாற்றும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட ஒரு தாளை ஒட்டியிருந்தாள். தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கோடு நெளிகிறதா என்று அதைப் பார்ப்பாள். என்ன தெரிந்தது என்று டட்லி கேட்கமாட்டார். அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

வருகிற ஜூனில் தொடங்கும் குளிர்காலத்திலேயே அவளைப் பைட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அவள் கண்ணுக்குத் திமிங்கிலம் திமிங்கிலமாகத் தெரியும்போதே. இதுதான் அவரை உட்காரவிடாமல் செய்தது.

காரவான் வேண்டாம் என்றாள் நெரிடா. பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுக்கிற ஆளைப் பார்த்தாலே அவளுக்குக் கழுத்து வலிக்கும். தரையில் கூடாரமும் வேண்டாம், பாம்பு. காருக்கு மேலே என்றால் சரி. ஆனால் ஒரு நிபந்தனை.

"அடிலெய்டு கிளினிக்குக்குக் கீழ இருக்கிற பார்க்கிங்ல கூடாரத்தோட கார் நுழையணும். நுழைஞ்சா வர்றேன். நுழையலன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

வீம்பு இல்லை. போன வருஷம் ஒருநாள் அங்கே இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஊசி போட்டு, கண்பாப்பா விரிந்து, வெளிச்சம் கத்தியாகக் குத்த நடந்து வந்தவள் நடைபாதை ஓரம் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முன்பிருந்த சின்னக் காரை விற்றாகிவிட்டது; இருப்பது இந்த உயரமான கார் ஒன்றுதான். கூடாரத்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டலாமென்றால் ஐம்பத்தெட்டுக் கிலோவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; பக்கத்து வீட்டு லிண்ட்ஸே ரோ குளிர்காலம் முழுக்கத் தன் காரவானோடு வடக்கே போய்விடுவான்.

கிளினிக் பார்க்கிங் வாசலில் சங்கிலியில் ஒரு பலகை தொங்குகிறது: வண்டியின் உயரம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டருக்குள்.

கடைகளில் இருந்த கூடாரங்களில் பாதி, மூடியபோதே முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல். தடித்த மெத்தை, கம்பளி, தலையணையை உள்ளே வைத்தே மூடலாம், சொகுசு. அவற்றை டட்லி ஏக்கத்தோடு தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அடுத்தது பதினெட்டு. கடைசியாகச் சுவரோரம் ஒன்று, பதிமூன்று. அலுமினியப் பெட்டி, முன்பக்கம் கீல், பின்பக்கம் முதலை வாயைத் திறப்பதுபோலத் திறக்கும். மெத்தை இரண்டு அங்குலம். தலையணை பின்சீட்டில்தான் பயணம் செய்ய வேண்டும். ஒரே மாதத்தில் நான்கு தடவை போய்ப் பார்த்தார். நான்காவது தடவை கடைக்காரி டாம்ஸின் சிரித்துவிட்டாள்.

"அதே கூடாரந்தாங்க. போன வாரத்துல இருந்து ஒண்ணும் வளரல."

"பூட்டு பிடிக்குமா? ஒண்ணு நல்லார்பர்ல விரிஞ்சிடுச்சாமே?"

"பூட்ட மறந்தா வீட்டுக் கதவும்தான் விரியும்."

நெரிடா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறிப் படுத்துப் பார்த்தாள்.  டட்லி ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரொட்டி வெட்டுற பலக மேல படுத்தாப்புல இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து. அப்புறம், "பரவால்ல, ஜன்னல் பெருசு."

காரின் உயரத்தை வீட்டில் அளந்தார். ஜனவரி, நண்டுக் காலம். அந்த மாதம் முழுக்க வாலரூவில் எல்லாரையும் போல அவரும் காரை வடக்குக் கடற்கரை மணலுக்குள் ஓட்டிப் போய், முழங்கால் தண்ணீரில் நடந்து நீல நண்டு வாரிக்கொண்டிருந்தார். ஷெட்டின் சிமெண்ட் தரையில் காரை நிறுத்தி, கூரைக் கம்பியின் மேல் நேரான பலகையை வைத்து, ரசமட்டம் பார்த்து, டேப்பை இறக்கினார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் அதேதான். பதிமூன்றைக் கூட்டினால் இருநூற்றெட்டு. இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்.

வேலி மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்த லிண்ட்ஸே சும்மா இருப்பானா?

"என்னடா, கார் தலையில பிஸ்கட் டப்பா வைக்கப் போறியாமே?"

"உன் காரவான் எங்க நுழையும்? அதச் சொல்லு மொதல்ல."

"அது எங்கயும் நுழைய வேண்டாம்டா, உள்ளயே எல்லாம் இருக்கு. கக்கூஸ் உட்பட. நீ நடுராத்திரி ஏணியில இறங்குறப்ப உன் முட்டி போடுற சத்தத்துல கங்காருவெல்லாம் ஊரக் காலி பண்ணிடும்."

கூடாரம் மார்ச்சில் வந்தது. ஏப்ரல் ஊசிக்கு அதோடு முதல் பயணம். முந்தின நாளே டட்லி சர்வீஸ் ஸ்டேஷனில் சக்கரங்களுக்கு நெடுஞ்சாலைக் காற்று முழுக்க அடித்துக்கொண்டார். அடிலெய்டு வரைக்கும் நூற்று அறுபது கிலோமீட்டரும் முன்கண்ணாடி வழியாகக் கூரை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கிப் பூட்டைத் தொட்டார். நெரிடா மடியில் ஒரு வரைபடம் வைத்திருந்தாள், பைட் வரைக்கும். பெரிய எழுத்துப் பதிப்பு. அதை எப்போது வாங்கினாள் என்று அவருக்குத் தெரியாது.

கிளினிக் வாசலில் அவளை இறக்கிவிட்டார்.

"உள்ள நிறுத்தினதும் போன் பண்ணு டட். ஊசிக்குக் கூப்புடுறதுக்கு முன்னாடி சொல்லிடு. அந்த நாற்காலியில உக்காரும்போது நெனைக்க ஏதாவது நல்ல சேதி வேணும்."

"நுழையும் நெர். அளந்திருக்கேன்."

சரிவில் இறங்கினார். டொக் என்றது. பலகை கூடாரத்தின் முன்விளிம்பில் இடித்து, சங்கிலி குலுங்க மேலே எகிறி நின்றது. பலகைக்கு அப்பால் அதே உயரத்தில் கான்கிரீட் உத்தரம்.

இருக்க முடியாது. மூன்று தடவை அளந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் அதிகம். பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் இரண்டு கார். வேன்காரர் ஹாரனில் கையை வைத்தார். டட்லி குனிந்தபோது சக்கரம் கண்ணில் பட்டது. உருண்டு திரண்டு, கல் மாதிரி விறைப்பாக நிற்கிற சக்கரம். அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் மணலில் புதையாமல் ஓட்டச் சக்கரக் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கி வைத்திருந்தார். ஊரே அப்படித்தான் வைத்திருக்கும். கடற்கரைக்கும் வீட்டுக்கும் அரை மைல், யார் தினமும் அடித்துக்கொண்டிருப்பார்கள்? மூன்று தடவையும் சப்பிப்போன சக்கரத்தின் மேல் நின்ற காரை அளந்திருக்கிறார். முப்பத்தேழு வருஷம் மற்றவர்களுடைய லாரியைக் குத்திப் பார்த்தவர்.

 மண்டியிட்டு, சாவியின் நுனியால் முதல் வால்வை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று போனது.

வேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "என்னங்க பண்றீங்க? பீச் இந்தப் பக்கம் இல்ல!"

"ரெண்டு நிமிஷம், மன்னிச்சுக்குங்க."

"கீழ அலை எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார் வேன்காரர். ஆனால் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இரண்டு நிமிஷமில்லை, ஒன்பது. நான்கு சக்கரமும் அடியில் பிதுங்கியதும் ஏறி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். பலகை கூடாரத்துக்கு மேலே மயிரிழையில் பின்னுக்குப் போனது. உத்தரம் தொடவில்லை. நுழைந்துவிட்டது.

தூண் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.  நுழைந்துவிட்டது என்பது பொய்யில்லை. எப்படி நுழைந்தது என்று சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப் போவதும் இல்லை; பாப்பா விரிந்த கண்ணோடு வருகிறவள் சக்கரத்தையா பார்க்கப் போகிறாள்? ஊருக்கு வெளியே முதல் சர்வீஸ் ஸ்டேஷனில் காற்று அடித்துக்கொண்டால் போதும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இறக்கலாம், ஏற்றலாம். பெரிய வேலை இல்லை. அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் கண்ணுக்குத் தெரியாது. அந்த நினைப்பு அவருக்கு வாயில் துருவைக் கடித்த மாதிரி இருந்தது.

காற்றை இறக்கித்தான் நுழைத்தேன் என்று சொன்னால்? சிரிப்பாளோ. "உன்ன மாதிரி ஒரு மடையன் உண்டா" என்று சிரித்துவிட்டு வருவாளோ. அல்லது அந்தத் தட்டையான குரலில், "அது நுழையறது இல்ல டட், தவழுறது. நான் சொன்னது சொன்னதுதான்" என்று வரைபடத்தை மடித்து வைத்துவிடுவாளோ. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அந்த நேரம் அந்தக் கண்ணில் என்ன இருக்கும்?

கதவைத் திறந்தார். மூடினார். தூணைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

காருக்குள் இருக்கையில் கிடந்த போன் ஒலிக்கத் தொடங்கியது. திரையில் நெர் என்று இருந்தது. மேலே பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். நர்ஸிடம், ஒரே நிமிஷம் என்று கெஞ்சி நிற்பாள். டட்லி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதை எடுத்தார். கட்டை விரல் பச்சை வட்டத்துக்கு மேலே நின்றது. வாயைத் திறந்து பார்த்தார். நுழைந்துவிட்டது என்பதா, காற்றை இறக்கித்தான் நுழைத்தேன் என்பதா? உள்ளங்கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.