நாக்கைத் தூக்கச் சொன்னவன்

என் தங்கையை நான் தினமும் இருவேளை வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். வலிப்பு மாத்திரையை விழுங்கினாளா, நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தாளா என்று பார்ப்பதற்காக. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவளுடைய இரண்டு பிள்ளைகளின் எதிரிலேயே ஏறக்குறைய ஓராண்டு இப்படிச் செய்தேன்.

நான் அறந்தாங்கியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கணவர் வளைகுடாவில் இருந்ததால் தங்கை எங்கள் வீட்டோடு இருந்தாள். மருத்துவர்கள் மாத்திரையை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், இன்னொன்றைச் சேர்த்தார்கள். வலிப்பு நிற்கவில்லை. மருந்து கேட்கவில்லை என்றால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அத்தனை வருட வேலையில் எனக்குள் இறுகிப்போன முடிவு. அவள் செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவள். இரண்டு முறை செவ்வாயன்றே வலிப்பு வந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“விரதத்துலயும் மாத்திரையப் போட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். அதுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காது,” என்றாள். தீர்ந்த அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள்.

“மாத்திரையக் கொல்லையில பிதுக்கிப் போட்டுட்டு அட்டைய மட்டும் வச்சிருப்ப,” என்றேன்.

அவள் கணவரிடமும் போனில் அதையே சொன்னேன். “தன்னையே பாத்துக்கத் தெரியாதவ பிள்ளைகள எப்புடி மச்சான் பாப்பா? எங்க அம்மாட்ட கொண்டுபோய் விட்டுருங்க,” என்றார் அவர். அதற்குப் பிறகுதான் நாக்கைத் தூக்கச் சொல்லும் வழக்கம் தொடங்கியது. பிள்ளைகள் தன்னோடு இருக்க வேண்டுமே என்று அவளும் காட்டினாள். என் கண் முன்னே விழுங்கிய நாட்களிலும் வலிப்பு வந்தது. அப்போதும், பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனதுகூட, ரத்தப் பரிசோதனையில் அவளைப் பிடித்துவிடலாம் என்றுதான். அந்த அம்மாள் முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம், “ரத்தத்துல மருந்து வேண்டிய அளவு இருக்கு. இவங்க சரியாத்தான் சாப்பிடுறாங்க,” என்றார். சிறுவயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்ததா என்று கேட்டார். வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் அது விட்டுப்போன தழும்பு தெரிந்தது. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பு மூன்றாவதற்கு அடங்குவது அபூர்வம், இவருக்கு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்று மாலையே அவள் கணவரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவளும் பிள்ளைகளும் கேட்க, “நான் சொன்னது அத்தனையும் தப்பு மாப்ள. அவ ஒரு வேளைகூட விடல,” என்றேன். “அவகிட்ட குடுங்க,” என்றார் அவர். அடுத்த மாதம் விடுப்பெடுத்து வந்தார். மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தபோது வாசலில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

முதல் சில மாதங்களில் இரண்டு முறை லேசாக வலிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஒரு மாத்திரை மட்டும் இன்னும் போடுகிறாள்.

இப்போது எனக்கும் ரத்த அழுத்த மாத்திரை உண்டு. மறதியும் உண்டு. நேற்று என்னைப் பார்க்க வந்த தங்கை, “மாத்திர போட்டீங்களாண்ணே?” என்றாள். போட்டேன் என்றேன். ஏன் செய்தேனோ, அவள் எதிரே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வாய மூடுங்க. நீங்க சொன்னாப் போதும்.”