புதன்கிழமைக் கோயில்

ஆனையூரில் எங்கள் வீட்டு மருமகள்கள் துணையில்லாமல் போய்வர ஒரே இடம்தான் இருந்தது: கோயில். ஆஸ்பத்திரி என்றால் ஓர் ஆண் கூட வர வேண்டும். தடுப்பூசி போடுவதோ புதன்கிழமை காலையில். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஆண் மாமனார் மட்டும்தான்.

ஓரகத்தியின் மகனுக்கு ஊசி என்றால் ஆட்டோ பிடித்துத் தானே தூக்கிக்கொண்டு போனவர் அவர். என் மகளுக்கு முதல் ஊசி அம்மா வீட்டிலேயே போட்டாயிற்று. மூன்றாம் மாதம் இங்கே வந்ததும் அடுத்ததைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"பொட்டப்பிள்ளைதானத்தா, ஒரு ஊசி விட்டுப்போனா என்ன? காய்ச்சல் வந்து பச்சப்பிள்ள கெடந்து அல்லாடணுமா?"

பேரனுக்கு மட்டும் காய்ச்சல் வராதாக்கும்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பாசமில்லாதவர் என்றும் சொல்ல முடியாது. சாயங்காலமானால் அவளை மடியில் போட்டுக்கொண்டு அவர் கொஞ்சுகிற கொஞ்சலைப் பார்க்க வேண்டும்.

எனக்கோ பயம். அம்மா வீட்டுத் தெருவில் ஒரு குழந்தை கக்குவான் இருமலில் மூச்சுக்குத் திணறியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

வழி சொன்னவள் ஓரகத்திதான். "மாமா, கோயிலுக்குப் போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினோம். டீக்கடையைத் தாண்டும்போது, யாரும் எங்கே என்று கேட்டுவிடாதபடி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டேன். பொய் சொன்ன பாவம் வேண்டாமென்று வழியில் பிள்ளையாரை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் நெற்றியில் திருநீறும் பூசி, அதன்பிறகுதான் ஊசிக்குப் போனோம்.

அன்று சாயங்காலம் மாமனார் வழக்கம்போல் அவளைத் தூக்கினார். தொடையில் கை பட்டதும் வீறிட்டாள். ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவந்திருந்தது.

"எறும்பு கடிச்சிருச்சு போல மாமா" என்றாள் ஓரகத்தி, கூசாமல்.

அவர் திருநீற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அந்தக் காலில் கை படாதபடி குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். படுக்கப் போகும் முன் என் அறைக் கதவருகே வந்து நின்று, "காய்ச்சல் அடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாத ஊசிக்கான புதன்கிழமையும் வந்தது. என்ன சொல்லிக் கிளம்புவது என்று அடுப்படியில் நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது, சட்டையும் துண்டுமாக மாமனார் வந்து நின்றார்.

"என்னத்தா, இன்னும் கெளம்பலையா? வெயில் ஏறுதுல்ல. பிள்ளைய இங்க குடு."

எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீக்கடையில் ஒருவர்தான் கேட்டார்: "எங்கண்ணே, பேத்தியத் தூக்கிட்டு?"

"ஊசி போட, மாப்ள!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானை அன்று கண்ணைத் துடைக்கத்தான் உதவியது.

பிள்ளையார் கோயில் வந்ததும், போன தடவை போலவே நானும் ஓரகத்தியும் உள்ளே திரும்பினோம்.

"நேரா வாங்கத்தா" என்றார். "பிள்ளையாரு எங்கிட்டும் போயிற மாட்டாரு. பிள்ளைக்கு ஊசிதான் முக்கியம்."

என் மகளை வெயில் படாமல் துண்டால் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார்.