நட்சத்திர போல்ட்டில் எலன் கீ

பதுளையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு காலை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் குடும்பநல மாது தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பிரேக் புடிச்சா முன்னால கடகடங்குது அண்ணே. நீங்க டிஸ்க் மாத்தி ரெண்டு கெழமகூட ஆகல."

முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகள் மூன்று. ஒன்றைக் காணவில்லை. மற்ற இரண்டும் விரல் பட்டதுமே சுழன்றன.

துணியால் துடைத்துப் பார்த்தேன். போல்ட் தலையிலிருந்த நட்சத்திரக் குழிகள் மழுங்கி வட்டமாகியிருந்தன. யார் செய்த வேலை என்று கேட்கவா வேண்டும்? அந்தக் குழிக்குப் பொருந்தும் ஸ்டார் கீ டிஸ்க் மாற்றிய அன்று அகப்படவில்லை. அவசரத்துக்கு ஆறுமூலை எலன் கீயைத் திணித்து முறுக்கியவன் நான்தான். அது நட்சத்திரக் குழியில் முழுதாகப் பதியாது, பலம் கொடுத்தால் வழுக்கும். வழுக்கியதை இறுகிவிட்டதாக நினைத்துவிட்டேன்.

"மிஸ், இது என்னோட தப்பு" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து நெறமாச புள்ளத்தாச்சி ஒருத்திய பின்னால ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எறங்கினேன். ரோட்டு ஒடஞ்சி லயத்து வீடுகளுக்கு வேன் வரல."

அந்த இறக்கம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் பள்ளம்.

"அவங்க இப்ப..."

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சொகம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்க்கடையில் ஸ்டார் கீ வாங்கிவந்து புது போல்ட்டுகளை இறுக்கினேன். ஒவ்வொன்றையும் அவர் குனிந்து பார்த்தார்.

"மொதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க."

மேட்டில் ஏறி, இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்தேன். சத்தம் இல்லை. அவர் சாவியை வாங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த டிஸ்க்கை மாற்றிய அதே வாரத்தில் தெமோதரைக்காரர் ஒருவரின் பைக் டிஸ்க் போல்ட்டுகளுக்கும் அதே எலன் கீயைத்தான் போட்டிருந்தேன். போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பசறை ரோட்டுல, டீ குடிக்க நிறுத்தினேன். ஏன்?"

"பைக்க எடுக்காதீங்க. அங்கயே இருங்க, நான் வாறேன்."