நேரான வெட்டு

அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி அவர். தன் வேலையில் மட்டும் மருந்துக்கும் ஒரு குற்றம் கண்டதில்லை. புது மின்ரம்பத்தை ஓட்டிக் காட்ட மனைவியைக் கார் கொட்டகைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர்போல் நின்றார். அறுக்க எடுத்த பலகை அசையக் கூடாதென்று, போன மாதம் தானே அரும்பாடுபட்டுச் செய்த மேசையோடு அதை இறுக்கிக் கட்டினார். ரம்பத்தை முழு ஆழத்துக்கு இறக்கி ஓட்டினார். வாழைத்தண்டை அறுப்பதுபோல் அறுத்தது.

"பார்த்தியா? ஒரு பிசிறு இருக்கா?"

பலகை இரண்டானது. கூடவே மேசையும் இரண்டாகி, பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்தது.

"ஐயோ, ஏங்க, மேசையும் போச்சே!"

அவர் குனிந்து, அறுபட்ட மேசை விளிம்பில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேசையை விடு. வெட்டுல கோணல் இருக்கா? காட்டு பார்ப்போம்!"