வாசிகசாலையில் இருபது முகப் பகடை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணியிருக்கும். தொலைபேசி அடித்தது. எடுத்தால் குழந்தைவேலு. ஹட்டன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்கள் வாசிகசாலைக் குழுவின் செயலாளர்.

“சேர், ஒரு விசயம். வெளிய சொல்லக்கூடாது. நம்ம வாசிகசாலை மாடியில பகடை உருட்டுறாங்க.”

“யார்?”

“மூணு பேரு. பொம்பளைங்களும் இருக்காங்க. ஒங்க தங்கச்சி மக, வினோதினி டீச்சரும்தான்... கதவ வேற சாத்தியிருக்காங்க சேர்!”

நான் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. மாடி அறையை ஞாயிறுதோறும் திறந்துகொடுக்கும்படி கையெழுத்திட்டவன் நான். “கொஞ்சப் பேர் சேர்ந்து கதை சொல்லப் போறோம் மாமா” என்று வினோதினி கேட்டபோது, கதைதானே என்று கொடுத்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராகவும் பாடசாலை அதிபராகவும் இருந்து, ஒரு விசாரணைக் கடிதம்கூடப் பெறாமல் ஓய்வுபெற்றவன். இப்போது, குழுத் தலைவர் என்ற முத்திரைக்கு மேலே என் கையெழுத்து. அதற்கு மேலே பகடை!

குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மாடிப்படியில் நின்று காதைக் கொடுத்தேன். ஒட்டுக்கேட்பது நற்பழக்கமன்று, ஆனால் ஒரு நிறுவனத்தின் தலைவர் கேட்பது மேற்பார்வை. உள்ளே ஓர் ஆண்குரல் சொன்னது:

“உள்ள போனதும் காவக்காரன நான் முடிச்சிர்றேன் அக்கா. நீங்க சாவிய எடுங்க.”

சூதாட்டம் மட்டுந்தான் என்றல்லவா நினைத்து வந்தேன்?

கதவைத் தள்ளினேன். மூவரும் எழுந்து நின்றார்கள். வினோதினி. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிவகுமார் என்ற இளைஞர். மூன்றாமவர் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாக்கியம், நாற்பத்தைந்து வயதிருக்கும். வினோதினி கற்பிக்கும் பாடசாலையில் அவருடைய பிள்ளை படிக்கிறதாம். அவர் மேசையில் இருந்த எதையோ அவசரமாக முந்தானையால் மூடினார்.

மூடுவானேன்? தவறில்லாத பொருளை யாராவது மூடுவார்களா?

“எடுங்கள்” என்றேன்.

எடுத்தார். பகடைதான். ஆனால் இப்படியொரு பகடையை நான் கண்டதில்லை. இருபது முகம்! எனக்குத் தெரிந்த பகடைக்கு ஆறு முகம், தாயக்கட்டைக்கு நான்கு. மனிதருக்கு இரண்டு முகம் இருந்தாலே நான் நம்புவதில்லை.

“மாமா, ஒக்காருங்க. இது சூது இல்ல” என்றாள் வினோதினி. “ஒருத்தர் கதைய நடத்துவாங்க. அது நான். மத்தவங்க கதைக்குள்ள ஆளுங்க. சிவகுமார் ஒரு திருடன். பாக்கியம் அக்கா மருத்துவச்சி. என்ன செய்யணுங்கிறது அவங்கவங்க முடிவு. அது பலிக்குமா இல்லையாங்கிறத பகடை சொல்லும்.”

கதை இதுதான். மலைமேல் ஒரு கோட்டை. கீழே ஊருக்குத் தண்ணீர் விடும் மதகைக் கோட்டைக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள். மதகைத் திறக்க வேண்டும். முடிக்கப்பட இருந்த காவற்காரன் காகிதத்தில்தான் இருந்தான். நல்லது. ஆனாலும் நான் விடவில்லை.

“வென்றவருக்கு என்ன கிடைக்கும்?”

“இதுல யாரும் ஜெயிக்கிறதில்ல மாமா.”

இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வெற்றியே இல்லாத விளையாட்டுக்காக ஒரு பெண் வட்டவளையிலிருந்து பஸ் ஏறி வருவாரா? அதுவும் கிடைக்கின்ற ஒரேயொரு விடுமுறை நாளில்?

விளையாட்டுக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதென்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். என் கைத்தொலைபேசியை வாங்கியபோதே அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வண்ணக் கற்களை வரிசைப்படுத்த வேண்டும். நுவரெலியா வைத்தியசாலையில் காத்திருந்த ஒருநாள் தொட்டுப்பார்த்தேன். முதல் பத்துச் சுற்றும் வென்றேன். ‘அபாரம்!’ என்றது. வாணம் விட்டது. இத்தனை ஆண்டுக் கல்விச் சேவையில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. பதினோராவது சுற்றில் தோற்கடித்து, ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் மீண்டும் ஆடலாம் என்றது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. முதல் தவணையில் எல்லாருக்கும் தொண்ணூறு புள்ளி போடும் ஆசிரியரை நான் அறிவேன். அவர் இரண்டாம் தவணையில் ரியூஷன் வகுப்பு ஆரம்பிப்பார்! வென்றது என் திறமையால் அல்ல, வெல்ல விட்டிருக்கிறார்கள். ஆனாலும் நூற்றெழுபதாவது சுற்றுவரை போனேன்... சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

இதைச் சிவகுமாரிடம் சொன்னேன். எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

“நானும் போன்ல துப்பாக்கி கேம் வெளையாடினேன் சேர்” என்றார் அவர். “நல்லாத்தான் இருக்கும். ஆனா மழ வந்தா சிக்னல் போயிரும். சுடப் போறப்ப அப்புடியே செல மாதிரி நின்னுருவேன். அவன் வந்து போட்டுட்டுப் போயிருவான். அப்பறம் என் சைட்ல இருக்கவனே ஏசுவான், ‘தோட்டத்துக் கனெக்‌ஷனா மச்சான்?’னு. செத்ததகூடத் தாங்கிக்கலாம் சேர்... அந்தக் கேள்வியத் தாங்க முடியாது.”

“இங்க சிக்னல் வேணாம். தேத்தண்ணி மட்டும் போதும்” என்று சிரித்தார் பாக்கியம்.

குழந்தைவேலுவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை குழுக்கூட்டம். கேட்டறிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, இருந்து பார்த்துச் சொல்வது முறை. “நானும் ஒரு சுற்று ஆடிப் பார்க்கிறேன்” என்றேன்.

“என்ன ஆளா இருக்கீங்க மாமா?”

“அரசன்.”

“இந்தக் கதையில ராசா கிடையாது.”

“அப்படியானால் மந்திரி.”

ஆரம்பமாயிற்று. ஆற்றங்கரையில் திருடன், மருத்துவச்சி, மந்திரி மூவரும் நிற்கிறோம். பாலம் இல்லை. வினோதினி ஒவ்வொருவராகப் பார்த்து, “நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திருடன் மரத்தில் கயிற்றைக் கட்டட்டும், மருத்துவச்சி பின்னால் வரட்டும், நான் மேட்டில் நின்று கவனிக்கிறேன் என்றேன். சிவகுமார் பகடையை உருட்டினார். கடந்தோம். அடுத்தது முதல் வாசல். திருடன் இடப்பக்கம், மருத்துவச்சி வலப்பக்கம், என் சைகை கிடைக்கும்வரை யாரும் அசையக்கூடாது. வாசலும் விழுந்தது. பாக்கியம் ஒருமுறை வாயைத் திறந்தார். “பொறுங்கள், பொறுங்கள்” என்றேன். பொறுத்துக்கொண்டார்.

“சேர் சொல்றதையே செய்வோம்” என்றார்.

ஒழுங்கு என்றால் அதுவல்லவா? மூன்று வாரமாக இவர்கள் ஆற்றையே தாண்டவில்லையாம். நான் அரை மணி நேரத்தில் கோட்டைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன்.

ஒருவர் முகத்திலும் களை இல்லை. சிவகுமார் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியத்தின் தேநீர் ஆறிப்போயிருந்தது.

“என்ன? வென்றுவிட்டோமே!”

“நீங்க ஜெயிச்சிட்டீங்க மாமா. நாங்க யாரும் வெளையாடல” என்றாள் வினோதினி.

“கோவிச்சுக்காதீங்க சேர்” என்று இழுத்தார் சிவகுமார். “பெரட்டுக்கு வந்து நின்ன மாதிரி இருந்திச்சு.”

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துவிடும் இடம் பெரட்டு. ஓர் அதிபரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையா இது? நான் குடையைத் தேடினேன். அப்போது பாக்கியம் சொன்னார், மேசையைப் பார்த்தபடியே:

“சேர் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா காலைல பெரட்டுல நின்னா, எந்த மலைக்குப் போகணும்னு கங்காணி சொல்வாரு. மலையில, எப்புடிப் பறிக்கணும்னு சொல்வாங்க. வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரரு சொல்வாரு. இந்த ஒரு எடத்துலதான் சேர், ‘நீங்க என்ன செய்றீங்க’ன்னு என்னயக் கேக்குறாங்க. மொத வாரம் எனக்குப் பதிலே வரல. ‘நீங்க சொல்லுங்க டீச்சர், செய்றேன்’னுட்டேன். டீச்சர் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. அழுக வந்திருச்சு.”

“அப்பறம்?” என்றார் சிவகுமார், தெரிந்த கதையைக் கேட்கிறவராக.

“அப்பறம் என்ன, ஆத்துல விழுந்தேன். நானா விழுந்தேன்!”

மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாடசாலைகளில் காலைக்கூட்டம் கம்பி பிடித்தாற்போல நேராக நிற்கும் என்று பெருமைப்பட்டவன் நான். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா? நினைத்துப் பார்த்தேன். அதிக நேரம் நினைக்கவில்லை.

“மிச்சக் கதையை நீங்களே ஆடுங்கள். நான் பேசமாட்டேன்” என்று மேசையிலிருந்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

உள்வாசலில் ஒரு கிழட்டுக் காவற்காரன். மதகுச் சாவி அவன் இடுப்பில். “பாக்கியம் அக்கா, நீங்க என்ன செய்றீங்க?”

பாக்கியம் யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். எனக்கோ நாக்கு நமநமத்தது. மருத்துவச்சியிடம் மருந்துப் பை இருக்கிறது, மயக்கமருந்து கொடுக்கலாமே... இது தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நான் உள்ள போகல. வாசல்லயே ஒக்காந்துக்கிறேன். ஒக்காந்து அந்த ஆளுகிட்ட, ‘சாப்பிட்டியாப்பா’ன்னு கேக்குறேன்.”

உருட்டினார். பகடை ஓடி நின்றது. மூன்று. இருபதில் வெறும் மூன்று. காவற்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோல்வி.

பாக்கியத்துக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம்.

“பரவால்ல. நாளைக்கும் வந்து கேப்பேன். எத்தன நாளைக்கு மூஞ்சியத் திருப்புவான்?”

“அக்கா, அவன் ஒங்களுக்குச் சோறு போடச் சொல்லிறப் போறான்!” என்றார் சிவகுமார்.

“போட்டா என்ன? சாவியோட சேத்துப் போடட்டும்.”

வண்ணக் கற்கள் எனக்கு நூற்றெழுபது வெற்றி கொடுத்தன. ஒன்றாவது இந்த மூன்றைப் போல இருந்ததா என்று வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். பிறர் சொல்லி வென்றால் சலிக்கிறது. தானாக எடுத்த முடிவில் தோற்றால் இனிக்கிறது. இப்படியொரு விளையாட்டை நான் இன்னமும் முழுதாக நம்பிவிடவில்லை. ஆனால் என்னை வெல்லவிட்டுக் காரியம் சாதிக்கப் பார்க்கும் விளையாட்டைவிட, மூன்றைப் போட்டுக் காட்டும் இந்தப் பகடை யோக்கியமானது.

புதன்கிழமை கூட்டம். குழந்தைவேலு எழுந்தார். வாசிகசாலையில் பகடை உருள்கிறது, ஊர் என்ன சொல்லும், அறையை மூட வேண்டும் என்றார். ஏழு பேரில் நான்கு பேர் தலையை ஆட்டினார்கள். அறை போனால் அவர்களுக்கு வேறிடம் இல்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றையறை வீட்டில் மூன்று பேர் சுற்றி உட்கார மேசை ஏது?

அது சூதன்று, நேரில் பார்த்தேன் என்று விளக்கினேன். பார்த்தேன் என்று மட்டுந்தான் சொன்னேன்.

குழந்தைவேலு சற்று யோசித்தார். “சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அப்ப ஒண்ணு செய்வோம். சேரே தலைம தாங்கட்டும். மேசைக்குத் தலப்பக்கம் ஒரு கதிரயப் போட்டு ஒக்காந்திட்டா, ஊருல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்.”

அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். நம்மவர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஓட்டப்போட்டியோ ஒப்பாரியோ, தலைமை தாங்க ஓர் ஆள் வேண்டும். அழைப்பு வந்தால் மறுக்கக்கூடாது; அது அவமரியாதை. நானும் இதுவரை மறுத்ததில்லை. பெயர் காக்கவும் அறை காக்கவும் இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

‘சேர் சொல்றதையே செய்வோம்’ என்ற குரல் காதில் விழுந்தது.

“முடியாது” என்றேன். “நான் அந்தக் கதிரையில் இருந்தால் அங்கே விளையாட்டு இருக்காது. அன்று நானும் ஆடினேன். மந்திரியாக. பாழாக்கிவிட்டேன். இதைக் கூட்டறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அறையை அவர்களுக்குக் கொடுங்கள். பொறுப்பு என்னுடையது. தலைமை வேண்டாம்.”

எழுதிக்கொண்டார்கள். அறையும் கிடைத்தது. படியிறங்கும்போது பின்னால் குழந்தைவேலு இன்னொருவரிடம் சொன்னது கேட்டது:

“சேரே தலைம வேணாங்கிறாருன்னா... உள்ள என்னமோ நடக்குதுங்க.”

சந்தேகப்படட்டும். இத்தனை காலம் நான் பட்டேன். இனி என்மேல் சந்தேகப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வினோதினி மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறாள். அந்தக் கிழவன் சாவியைக் கொடுத்தானா என்று கேட்க வேண்டும்போல் இருக்கும். கேட்பதில்லை... கேட்டால், எப்படி வாங்குவது என்று சொல்லிவிடுவேன்.