கட்டில் சத்தம்

நேற்று மத்தியானம் எங்கள் தெருவுக்குப் பழைய இரும்புக்காரர் வந்திருந்தார். முன்பெல்லாம் சைக்கிளில் வந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். இப்போது குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிடுகிறார்கள். முதலில் தமிழ், அப்புறம் கன்னடம், முக்கு திரும்பும்போது தெலுங்கு. ஓசூரில் ஓட்டைப் பக்கெட்டை எடைக்குப் போடுவதற்குக்கூட மூன்று பாஷை வேண்டியிருக்கிறது. நான் கையைத் தட்டி வண்டியை நிறுத்தினேன். புனேயில் வேலை பார்க்கும் என் மகன் எனக்குப் புதுக் கட்டில் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அது வருவதற்குள் பழையதைப் போட்டுவிடச் சொல்லி ஒரு வாரமாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். வந்த பையன்கள் இரண்டு பேரும் கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினார்கள். அப்போது அதன் தகடு 'மடக்'கென்று ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி அடித்த இரும்புக் கட்டில் அது. மேலே பலகைக்குப் பதிலாக முழுசாக ஒரு தகடு. பார்த்தால் பாதி கட்டில், பாதி பஸ் கூரை. அதில் யார் புரண்டு படுத்தாலும் தகடு உள்வாங்கி 'மடக்' என்னும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஏற்ற கட்டிலா அது, நீங்களே சொல்லுங்கள். எங்கள் லைன் வீடு முழுக்கச் செய்தி போய்விடும். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு லட்சுமக்கா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் மத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணற்றில் தண்ணீர் கீழே போனதும் ஓசூருக்கு வந்து இரும்பு வார்ப்புக் கம்பெனியில் சேர்ந்தார். நான் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட்டுக் கூரை போட்ட லைன் வீட்டில் ஒரு ரூம். ரூம் என்றால் ரூம்தான், ஒரே ஒரு ரூம். சமையலும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. பையன் பிறந்ததும் மஞ்சுநாத் என்று பெயர் வைத்தோம். மத்தூரில் என் மாமியார், "ஏன், நம்ம பக்கம் பேருக்குப் பஞ்சமா?" என்று கேட்டார். ஓசூர்த் தண்ணீர் குடித்தால் மஞ்சுவும் முனிராஜுவும்தான் வாயில் வருகிறது, என்ன செய்ய.

அந்த லைனில் இருந்த எல்லோரும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஏ ஷிஃப்ட் காலையில், பி ஷிஃப்ட் மத்தியானம், சி ஷிஃப்ட் ராத்திரி. அதனால் பட்டப்பகலில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். அதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சி ஷிஃப்ட் முடிந்து வந்தவர் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி வாசற்கதவின் கொக்கியில் வெளிப்பக்கமாக மாட்டிவிட்டுப் படுப்பார். கொக்கியில் சட்டை தொங்கினால் அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். கீரைக்காரியும் கத்தாமல் போவாள். கேபிள்காரர் எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்.

அந்த வழக்கத்தில் முதல் மார்க் வாங்கியது என் மகன்தான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "சட்டை தொங்குனா சத்தம் போடக் கூடாது கண்ணு, அப்பா தூங்கட்டும்." அவ்வளவுதான் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். தட்டைக் கீழே வைக்கும்போது அடியில் துண்டு விரிப்பான். வாய்ப்பாட்டை உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பான். டிவியைச் சத்தமில்லாமல் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பான். சத்தம் இல்லாவிட்டால் கன்னட சேனலும் தமிழ் சேனலும் ஒன்றுதானே, எல்லாமே பார்ப்பான். வாயசைவைப் பார்த்து அவனாக ஒரு வசனம் விட்டு, என் காதில் குசுகுசுவென்று சொல்லுவான். வில்லன் கதாநாயகியிடம், "பருப்பு வெந்துருச்சா?" என்று கேட்பான். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன். எங்கள் வீட்டில் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று லைன் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அது ஆடி மாசம். மஞ்சு நாலாவது படித்துக்கொண்டிருந்தான். அவர் சி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது நான் ஏ ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மார்புல என்னமோ அடைச்சாப்ல இருக்குது, தூங்குனா சரியாப் பூடும்" என்றார். வார்ப்பு வேலையில் புகையும் தூசியும் தினப்படி சமாச்சாரம், எல்லோருக்கும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். கொக்கியில் சட்டையை மாட்டினார். நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்றைக்கு ஓவர்டைம் முடிந்து நான் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சட்டை இன்னும் கொக்கியிலேயே தொங்கியது. வாசலில் மஞ்சுவின் ஷூ இரண்டும் கவிழ்த்து வைத்திருந்தது. ஈர ஷூவோடு உள்ளே நடந்தால் கீச்சென்று சத்தம் வரும் என்று கழற்றியிருக்கிறான். உள்ளே லைட்டுகூடப் போடவில்லை. டிவியின் வெளிச்சத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவாம்மா. அப்பா இன்னும் எந்திரிக்கல."

நான் போய்த் தோளைத் தொட்டேன். அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து என் பிள்ளை செத்துப்போன அப்பாவின் பக்கத்தில், அவர் தூக்கம் கெடக் கூடாது என்று, சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். டாக்டர், "தூக்கத்துலயே போயிருக்காரு. எப்பன்னு சரியா சொல்ல முடியாதும்மா" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும் மாமியார் வீட்டில் மத்தூருக்கே வந்துவிடச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு அங்கே போய் யார் கையை எதிர்பார்ப்பது? கட்டிலையாவது தூக்கிப் போடச் சொன்னார்கள். அதற்கும் மனசு வரவில்லை. பாயையும் போர்வையையும் மடித்து அதன்மேல் அடுக்கி வைத்தேன். நானும் பையனும் கீழே படுத்தோம். எனக்கும் சி ஷிஃப்ட் வரும். அந்த வாரங்களில் ராத்திரி லட்சுமக்கா வந்து அவனுக்குத் துணை படுத்துக்கொள்வாள். அவள் சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி, வாய் ஓயாதவள். "ஏமிரா மஞ்சு, மாட்லாடவா? அம்மாகிட்டயாவது பேசுடா" என்று அவனைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். முன்பு அப்பா தூங்கும்போது மட்டும் இருந்த மௌனம் இப்போது நாள் முழுக்க ஆகிவிட்டது.

நான் என் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைக் கொக்கியில் மாட்டுவதை நிறுத்திவிட்டேன். கதவையும் திறந்தே போட்டுவிட்டுத் தூங்குவேன். ஒருநாள் மத்தியானம் மூக்குக்கடியில் ஏதோ ஊர்வது மாதிரி இருந்து விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. மஞ்சுவின் விரல். எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறான். பார்த்துவிட்டு அடிமேல் அடிவைத்து வெளியே போனான். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருதான். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பி ஓடுகிறான் என்பது, டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. "வகுப்புல வாயே திறக்கறதில்லைங்க. சத்துணவுத் தட்டும் அப்பிடியே இருக்குது" என்றார். பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வெறி. என் பிள்ளை சத்தம் போட வேண்டும். கடவுளிடம் நான் கேட்டதெல்லாம் அதுதான், வேறெதுவும் கேட்கவில்லை. "கதவை ஒதைச்சுக்கிட்டு வாடா. தட்டைத் தூக்கிப் போடுடா. அம்மாவை எழுப்புடா, எருமை மாதிரி தூங்குறேன், எழுப்பு" என்பேன். கடையில் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதை ஊதாமல் பைக்குள் வைத்துக்கொண்டான். மத்தியானத் தூக்கமே எனக்குப் போய்விட்டது. ஆனால் அவன் வரும் நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விடுவேன், அவன் விரலுக்குத் தெரியட்டும் என்று.

ஒருநாள் சாயங்காலம் தலை சீவிவிடும்போது, முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"அம்மா, நான் ஸ்கூல் விட்டு வந்தப்ப கட்டில் சத்தம் போட்டுதும்மா."

"என்னைக்கு?"

"அன்னைக்கு. தண்ணி குடிச்சிட்டிருந்தேன். மடக்குன்னுச்சு. அப்பா திரும்பிப் படுக்குறாருன்னு நெனச்சேன். அப்ப உசுரு இருந்துச்சாம்மா? நான் எழுப்பியிருந்தா?"

சீப்பை வைத்துவிட்டு அவனை என் பக்கம் திருப்பினேன். இதைத்தான் இத்தனை மாசம் நெஞ்சில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். ஏதேதோ சொன்னேன். டாக்டர் சொன்னார் என்றேன், சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றேன். எதுவும் அவனிடம் போய்ச் சேரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் பங்குனி வந்தது. ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் இருந்து பார்த்தால் தெரியும். ஒரு லீவு நாள் மத்தியானம். அவன் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நான் துவைப்பதற்காகக் கட்டில் மேலிருந்த போர்வைகளையெல்லாம் எடுத்துக் கீழே போட்டிருந்தேன். தகடு வெறுமனே கிடந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, 'மடக்.'

திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது. பார்த்தேன். கட்டிலில் யாரும் இல்லை. நான் முறத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், தானாக, 'மடக்.' தொட்டுப் பார்த்தேன். தகடு சுட்டது. ஷீட்டின் சூடு இறங்கி இறங்கித் தகடு உப்புகிறது. வேறொன்றும் இல்லை.

அரிசி சிதற எழுந்து ஓடினேன். அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலுக்கு எதிரே உட்காரவைத்தேன். "என்னாம்மா?" என்றான். "பேசாத. பாரு" என்றேன். பார்த்தீர்களா, சத்தம் போடு சத்தம் போடு என்று அவனைப் பிய்த்தெடுத்தவள், அன்றைக்கு வாயைப் பொத்தச் சொல்கிறேன். இரண்டு பேரும் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேர்த்து ஊற்றியது. வராமல் போய்விடுமோ என்று மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். வந்தது.

அவன் என்னைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். எழுந்துபோய்த் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வெயிலுக்கா?"

"வெயிலுக்குத்தான் கண்ணு. அது தானா கத்துது. அப்பா இல்ல."

அதற்குப் பிறகு அவன் அழுதான் பாருங்கள். தொண்டை திறந்து, ஓவென்று, லைன் முழுக்கக் கேட்க. லட்சுமக்கா மாவுக் கையோடு ஓடிவந்து, பிள்ளையை அடித்துவிட்டேன் என்று நினைத்து என்னைத் திட்ட ஆரம்பித்தாள். நான் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினாள்.

அடுத்த மாசமே கதவை உதைத்துக்கொண்டு வந்தான். பையை ஒரு மூலையில் எறிந்து, "அம்மா, எந்திரி, பசிக்குது" என்று கத்தினான். விசிலை ஊதி ஊதி வீட்டு ஓனரிடம் திட்டு வாங்கினான். மத்தியானம் ஓடிவருவது நின்றது. நான் மட்டும் பழக்கதோஷத்தில் அந்த நேரத்துக்குக் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். விரல் வராது. கேட்டது கிடைத்த பிறகும் அந்த விரலுக்காக ஏங்கினேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருக்கிறார்கள். கொக்கியில் சட்டை மாட்டுகிறவர்கள் யாரும் இல்லை, அடுக்குமாடிக் கதவில் வெளிக்கொக்கியே கிடையாது. லட்சுமக்கா போய்ச்சேர்ந்துவிட்டாள். நான் இந்தத் தளம் போட்ட வீட்டுக்குக் குடிவந்த பிறகு கட்டிலும் தானாகச் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது.

நேற்று வண்டி போன பிறகு மஞ்சு போன் செய்தான்.

"கட்டிலைப் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சுடா."

"வெயில் வந்தாக் கத்துமே அது, ஞாபகம் இருக்குதா?" என்று சிரித்தான்.

"இருக்குதுடா" என்றேன்.

அவன் அழுது ஓய்ந்த அந்த நாளே, சாயங்காலம் அரிசியைக் கூட்டி அள்ளும்போது எனக்கு உறைத்தது. அவர் போன அன்றைக்கு வெயிலே இல்லை. விடிகாலையில் பிடித்த ஆடித் தூறல் நான் வேலை விட்டு வரும்வரை விடவில்லை. பிள்ளையின் ஷூ நனைந்திருந்தது. ஷீட்டு ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது, அந்தக் குளிரில் தகடு தானாகக் கத்தாது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஆடியிலும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்றைக்குப் புதுக் கட்டில் வந்துவிட்டது. பாகங்களைப் பூட்டிக் கொடுத்த பையன், "எப்பிடிப் பொரண்டாலும் சத்தமே வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். கதவைச் சாத்திவிட்டு, படுத்து, ஒருமுறை புரண்டு பார்த்தேன். வரவில்லை.